எழுத்துக்கு விலைப்பட்டியல் எங்கே?

விளம்பரம் கொடுக்க ஒரு பத்திரிகை அலுவலகத்தைத் தொடர்புகொண்டால் சில நிமிடங்களில் விலைப்பட்டியல் வந்து சேரும். பின்னட்டை இவ்வளவு, உள்ளட்டை இவ்வளவு, கறுப்பு வெள்ளையில் கால் பக்கம் இவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அதே பத்திரிகைக்குக் கதையோ கட்டுரையோ அனுப்புகிறவர், "வெளியானால் எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் பதிலே வராது. தமிழில் எழுத்தை விற்க இடமில்லை என்பது பாதி உண்மை. இருக்கிற இடங்களிலும் விலை என்னவென்று யாரும் சொல்வதில்லை என்பது மீதி.

இந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டு இப்போது வேறொரு வியாபாரம் முளைத்திருக்கிறது. தொகுப்பு நூலில் உங்கள் சிறுகதை இடம்பெற இவ்வளவு கட்டணம், சான்றிதழும் கேடயமும் உண்டு, விழாவில் சால்வை போர்த்துவோம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்புகள் சுற்றுகின்றன. எழுதியவரே பணம் கட்டுகிறார். எழுதியவரே ஐந்து பிரதிகள் வாங்கி உறவினர்களுக்குக் கொடுக்கிறார். அந்தப் புத்தகம் பெரும்பாலும் கடைக்கு வருவதில்லை, நூலகத்துக்கும் போவதில்லை. எழுதியதற்குப் பணம் வாங்க வேண்டியவர், எழுதியதற்காகப் பணம் கட்டுகிறார்.

இவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஓய்வுபெற்ற ஆசிரியர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுத உட்காரும் பெண், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கதை எழுதும் இளைஞர் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். நாலு வார இதழுக்கு அனுப்பி, எதிலிருந்தும் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி வராத பிறகே அவர்கள் இந்த வாசலுக்கு வருகிறார்கள்.

சம்பளம் வளர்த்த இலக்கியம்

சன்மானத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பது தமிழில் புதுச் செய்தியல்ல. லா.ச. ராமாமிர்தம் வங்கியில் வேலை பார்த்தார். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர். வண்ணதாசன் வங்கி ஊழியர், பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி, ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியர், இமையம் பள்ளி ஆசிரியர். நவீனத் தமிழ்ச் சிறுகதைக்குப் புரவலர் யார் என்று கேட்டால், மாதம் பிறந்ததும் இவர்களுக்குச் சம்பளம் கொடுத்த இந்த அலுவலகங்களைத்தான் காட்ட வேண்டும்.

அப்படியொரு சம்பளம் இல்லாதவர்களின் கதை வேறு. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலைகளை விட்டுச் சினிமாவை நம்பிப் போய், காசநோயோடு 1948-இல் 42 வயதில் இறந்தார். 1966-இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு வெளியேறிய அசோகமித்திரன் எழுத்தையே நம்பி வாழ்ந்தார். அவரும் தமிழோடு நிற்காமல் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் எழுதினார். விதிவிலக்குகள் உண்டு. மாத நாவல்கள் கடை வாசலில் கொத்தாகத் தொங்கிய 1980-களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் போன்றவர்களால் எழுத்தை முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ள முடிந்தது. வாங்கிப் படிக்க ஆள் இருந்தது, வெளியீட்டாளர் பேசிய தொகையைக் கொடுத்தார். அந்தக் கதைகள் இலக்கியமா என்று விவாதித்த நேரத்தில் பாதியை, அந்தக் கணக்கு எப்படி நேர்மையாக நடந்தது என்று பார்க்கவும் செலவிட்டிருக்கலாம்.

சாதாரண வாசகருக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சம்பளம் உள்ளவரால்தான் எழுத முடியும் என்றால், சம்பளம் உள்ளவரின் உலகம்தான் படிக்கக் கிடைக்கும். தமிழ் நாளிதழ்களின் நடுப்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பேராசிரியர், ஓய்வுபெற்ற அதிகாரி, மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரின் பெயர்களே மாறி மாறி வரும். அவர்கள் எழுதுவதில் குறையில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் சன்மானம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி அங்கேயே வாழும் ஒருவர் எழுத வேண்டுமென்றால், அன்றைய கூலியை விட்டுவிட்டு அவர் உட்கார வேண்டும். அந்த நாளுக்கு யார் கணக்குத் தீர்ப்பது?

கதையைவிடக் கட்டுரைக்கு இந்தக் கேள்வி கூர்மையானது. கதைக்குக் கைச்செலவு குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்று ஒரு கட்டுரை எழுத வேண்டுமானால் மூன்று ஊருக்குப் பேருந்தில் போக வேண்டும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும், நகல் எடுக்க வேண்டும், பத்துப் பேரிடம் பேச வேண்டும். தப்பாக எழுதினால் வழக்கு வரும். சரியாக எழுதினால் மிரட்டல் வரும். வெளியான பிறகு வருகிற தொகை பேருந்துக் கட்டணத்தைத் தாண்டாவிட்டால், அடுத்த முறை அவர் வீட்டிலிருந்தபடியே கருத்து எழுதுவார். தமிழில் கருத்துக் கட்டுரைகள் பெருகி, களக் கட்டுரைகள் அருகிப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குறைந்த பக்கங்கள், கூடிய வரிசை

இடம் குறைந்ததும் உண்மைதான். 1941-இல் தொடங்கிய 'கல்கி' வார இதழ் 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. விகடன் குழுமம் 2016-இல் கொண்டுவந்த இலக்கிய மாத இதழ் 'தடம்' 2019-இல் நின்றுபோனது. ஒரே இதழில் நான்கைந்து சிறுகதைகளும் இரண்டு தொடர்கதைகளும் வந்த வார இதழ்கள் இன்று ஒன்றிரண்டு கதையோடு முடித்துக்கொள்கின்றன. துணுக்குக்கும் ஜோக்குக்கும்கூட ஒரு சிறு தொகையை மணியார்டரில் அனுப்பிய காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான் பஞ்சம். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சிற்றிதழ்களும் அவற்றின் வழிவந்த இணைய இதழ்களும் நடத்துகிறவர்களின் கைக்காசில் ஓடுகின்றன. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றவர். அவரைப் போன்றவர்களிடம் போய்ச் சன்மானம் கேட்பது அநியாயம். கேட்க வேண்டியது, விளம்பரமும் சந்தாவும் வாங்கி வருமானம் பார்க்கும் நிறுவனங்களிடம். காகித விலை, அச்சுக் கூலி, விநியோகக் கழிவு என்று எல்லாவற்றையும் கணக்கில் வைத்துவிட்டு, உள்ளே இருக்கிற எழுத்தை மட்டும் முடிந்தால் கொடுப்போம் என்ற பத்தியில் வைப்பவர்களிடம்.

காசு இருக்கும் இடங்கள்

எங்குமே வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. அகில இந்திய வானொலி நிலையங்கள் உரைக்கும் சிறுகதைக்கும் ஒப்பந்தம் அனுப்பி, தொகையைக் குறிப்பிட்டு, வங்கிக் கணக்கில் செலுத்துகின்றன. தொகை பெரிதல்ல, ஆனால் முன்கூட்டியே தெரியும். சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் மொழிபெயர்ப்புக்கு ஊதியம் தருகின்றன. இரண்டு மொழி நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு, கதை எழுதுவதைவிட மொழிபெயர்ப்பு நம்பகமான வருமானம். குழந்தைகளுக்கான படப் புத்தகங்களுக்குக் குறைந்த சொற்களில் எழுதத் தெரிந்தவர்களைப் பதிப்பகங்கள் தேடுகின்றன. தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனமும், ஒலிக்கதைச் செயலிகளுக்குத் தொடரும் எழுதுகிறவர்களுக்கு அத்தியாயக் கணக்கில் பணம் வருகிறது. அங்கே பெயர் வருவது சந்தேகம், கெடு மட்டும் கழுத்தைப் பிடிக்கும்.

சிறுகதைப் போட்டிகளைப் பலரும் பெரிய வாய்ப்பாக நினைக்கிறார்கள். கல்கி, கலைமகள், தினமலர் வாரமலர் என்று பல இதழ்கள் நீண்ட காலமாகப் போட்டி நடத்திவந்திருக்கின்றன. 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் வெளியான கதைகளிலிருந்தே மாதந்தோறும் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துப் பல இளம் எழுத்தாளர்களை அடையாளம் காட்டியது. இவை எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பரிசு வேறு, ஊதியம் வேறு. ஆயிரம் பேர் அனுப்பி மூன்று பேருக்குக் கிடைப்பது ஒரு நாள் மகிழ்ச்சி. ஆண்டுக்கு ஒரு முறை பெரிய பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் இதழ், மற்ற வாரங்களில் வரும் கதைகளுக்கு என்ன தருகிறது என்பதுதான் அதன் உண்மையான மரியாதை.

அமேசானின் கிண்டிலில் தமிழ் நூல்களை எழுத்தாளர்களே நேரடியாக வெளியிடும் வசதி 2016 இறுதியில் வந்தது. பிரதிலிபி போன்ற செயலிகளில் வாசகர் சந்தா மூலம் தொடர்கதை எழுதுகிறவர்களுக்குப் பங்கு கிடைக்கிறது. குடும்பக் கதை, காதல் தொடர் எழுதும் பெண்கள் பலர் அச்சு இதழ்களின் வாசலைத் தட்டாமலே இங்கே தங்கள் வாசகர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அமேசானைப் பாராட்டுவது என் நோக்கமல்ல. இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு 70 சதவீதப் பங்கு வேண்டுமானால் வேறெங்கும் மின்னூலாக வெளியிடக் கூடாது, இல்லாவிட்டால் 35 சதவீதம்தான் என்பது கறாரான நிபந்தனை. ஆனால் பதிவேற்றும் முன்பே அந்த நிபந்தனை நம் கண்முன் இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்று நாம் முடிவெடுக்க முடிகிறது. முகம் தெரியாத ஒரு வெளிநாட்டு நிறுவனம் சொல்வதை, நம் மொழியில் நூறு ஆண்டு மரபு பேசும் இதழியல் சொல்லவில்லையே என்பதுதான் ஆதங்கம்.

அமெரிக்காவில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் சங்கம், ஒரு இதழைத் தொழில்முறை இதழாக ஏற்க வேண்டுமானால் சொல்லுக்கு இத்தனை சென்ட் தர வேண்டும் என்று வரையறுத்தது. 2019-இல் அதை 8 சென்டாக உயர்த்தியது. அந்த அங்கீகாரம் வேண்டும் என்பதற்காகவே பல இதழ்கள் தொகையை ஏற்றின. சங்கத்திடம் சட்ட அதிகாரம் ஏதுமில்லை, பட்டியல் மட்டும்தான் இருந்தது. எந்த இதழ் எதை வாங்கும், எவ்வளவு தரும் என்று தொகுத்துச் சொல்லும் ஆண்டு நூல்கள் ஆங்கிலத்தில் நூறு ஆண்டுக்கு மேலாக வருகின்றன. தமிழில் இத்தனை எழுத்தாளர் சங்கங்கள் இருந்தும் அப்படி ஒரு நூல் ஆண்டுதோறும் வரவில்லை. மதுரை உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூடக் காலையிலேயே பலகையில் விலை எழுதிவிடுகிறார்கள்.

உரிமை கைமாறுவது எப்போது?

பணத்தோடு சேர்ந்தது உரிமை. இதில் எழுதுகிறவர்களிடம் இருக்கும் குழப்பம் அதிகம். 'வெளியான படைப்புகளின் முழு உரிமையும் எங்களுக்கே' என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரே தன் எழுத்தின் முதல் உரிமையாளர். அதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க அவர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ள வேண்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஆவணத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது எழுதியவரிடமே திரும்பிவிடும். உரிமையை மாற்றிக்கொடுப்பது பற்றிய இந்த விதிகள் அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் இருக்கின்றன.

இதன் நடைமுறை மதிப்பு இன்று கூடியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு கதை வார இதழில் வந்தால் அடுத்த வாரம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இன்று அதே கதையை யாரோ யூடியூபில் வாசித்துப் பதிவேற்றுகிறார்கள், குறும்படமாக்குகிறார்கள், ஒலிநூலாக்குகிறார்கள். இணையத் தொடருக்குக் கதை தேடுகிறவர்கள் பழைய இதழ்களைப் புரட்டுகிறார்கள். முதல் வெளியீட்டுக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாயைவிட, பின்னால் வரக்கூடிய இந்த உரிமைகள்தான் எழுதியவரின் சொத்து. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது அவர் குடும்பத்துக்கு உரியது. வாசிக்காமல் ஒரு மின்னஞ்சலுக்கு 'சம்மதம்' என்று பதில் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எழுத்தாளர்களுக்குத் தமிழக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பாரதியின் படைப்புகளை 1949-இல் அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியது முதல், நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தருகிறது. பெரிய விருது பெற்றவர்களுக்குக் கனவு இல்லம் கொடுக்கிறது. சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியின் வழியே தமிழ் நூல்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்ல மொழிபெயர்ப்பு நல்கை கொடுக்கிறது. அத்தனையும் புகழ் வந்த பிறகோ உயிர் போன பிறகோ கிடைப்பவை. முதல் கட்டுரையின் காசோலைக்காகக் காத்திருக்கும் முப்பது வயதுக்காரருக்கு இதில் எதுவும் எட்டாது. அவர் தொழிலாளர் சட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை. 1955-ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் அதன் ஊதியக் குழுக்களும்கூட வேலையில் அமர்த்தப்பட்டவர்களுக்கானவையாகவே இருந்தன.

என்ன செய்யலாம்?

இதழ்கள் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். ஆசிரியர் குழுவின் பெயர்களுக்குக் கீழே சில வரிகள் போதும்: சிறுகதைக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு, வெளியான இத்தனை நாளில் பணம் வரும், இத்தனை வாரத்தில் பதில் வராவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பலாம், நாங்கள் வாங்குவது முதல் வெளியீட்டு உரிமை மட்டும். தர முடியாத இதழ் 'சன்மானம் இல்லை' என்று நேர்மையாகப் போடட்டும். அதற்கும் எழுத ஆள் உண்டு. உரிமையாளர் யார், பதிப்பாளர் யார் என்று ஆண்டுக்கொரு முறை மார்ச் மாதத்தில் கட்டம் கட்டி அச்சிட்டுப் பழகியவை நம் இதழ்கள். இந்த நாலு வரி பெரிய பாரமில்லை. இந்தக் கட்டுரையை அச்சிடும் நாளிதழுக்கும் இது பொருந்தும்.

பணம் தரும் கெடு 45 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அது என் கற்பனை எண் அல்ல. சிறு, குறு தொழில்களிடம் பொருளோ சேவையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு. தொடர்ந்து எழுதி வருமானம் பார்க்கிறவர்கள் சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உதயம் தளத்தில் சேவைத் தொழிலாகப் பதிவுசெய்துகொள்வதைப் பற்றி ஒரு கணக்காளரிடம் கேட்டுப் பார்க்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. நியூயார்க் நகரில் 2017 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. 800 டாலருக்குக் குறையாத வேலை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி பேசியிருக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் வர வேண்டும்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளுக்கு மாவட்டந்தோறும் கிளைகள் உண்டு. உறுப்பினர்களிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: எந்த இதழில் எழுதினீர்கள், எவ்வளவு வந்தது, எத்தனை மாதத்தில் வந்தது? பெயரை மறைத்துத் தொகுத்து, ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து ரூபாய் சிறுநூலாக வெளியிடட்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு கதை அச்சிடுகிறவர்களின் பட்டியலும் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

எழுதுகிறவர்களும் கூச்சத்தை விட வேண்டும். கட்டுரை கேட்டுத் தொலைபேசி வரும்போதே தொகையைக் கேளுங்கள். பேசியதை ஒரு வரி மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள். வெளியானதும் தேதி, தலைப்பு, தொகை, வங்கி விவரம் போட்டு ஒரு ரசீது அனுப்புங்கள். பல அலுவலகங்களில் பணம் வராததற்குக் காரணம் கெட்ட எண்ணமல்ல, கணக்குப் பிரிவுக்குக் காகிதம் போகாததுதான். ஒரே எழுத்தை ஒரு முறை விற்றதோடு நிறுத்தாமல் வானொலி உரையாக, நூலின் ஓர் அத்தியாயமாக, மொழிபெயர்ப்பாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். நாலு இதழுக்கு ஒரே கதையை ஒரே நேரத்தில் அனுப்பும் பழக்கமும், எந்திரத்தை எழுதச் சொல்லித் தன் பெயரைப் போட்டு அனுப்பும் புதுப் பழக்கமும் ஆசிரியர்களின் பொறுமையைத் தின்கின்றன. 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அமெரிக்க இதழ், செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் சில காலம் கதை வாங்குவதையே நிறுத்திவைத்தது. நம் இதழ்களும் அப்படிக் கதவை அடைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொது நூலகத் துறையின் கீழ் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரியின் துணையில்தான் அவை நாளிதழும் வார, மாத இதழ்களும் வாங்குகின்றன. அந்தப் பட்டியலில் இடம்பெற விரும்பும் வணிக இதழ், எழுதுகிறவர்களுக்குத் தரும் தொகையை வெளியிட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். எவ்வளவு தர வேண்டும் என்று அரசு சொல்ல வேண்டாம், தருவதை அச்சிடு என்று சொன்னால் போதும். சிற்றிதழ்களுக்கு விலக்கு கொடுக்கலாம். இதற்குப் புதுச் சட்டமும் நிதி ஒதுக்கீடும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். நூலகத்துக்கு இதழ்கள் வாங்கும் அடுத்த ஆண்டுப் பட்டியலிலேயே பள்ளிக் கல்வித் துறை இதைத் தொடங்க வேண்டும்.